ஒரு மலைக்கு எத்தனை பெயர்?

தரம் 12இல் புவியியல் பாடம் தொடங்கிய முதல் வாரத்தில் எமது ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார்: “இரத்தினபுரி மாவட்ட எல்லையில் 2243 மீற்றர் உயரத்தில் நிற்கும் மலையின் பெயர் என்ன?” நான் உடனே எழுந்து “பாவா ஆதம் மலை” என்றேன். பின் வாங்கிலில் இருந்த, தோட்டத்திலிருந்து வரும் மாணவி “சிவனொளிபாதமலை” என்றாள். ஆசிரியை சிரித்துக்கொண்டு, “சிங்களத்தில் ஸ்ரீ பாத என்றும் சமனல கந்த என்றும் சொல்கிறார்கள். ஆங்கில வரைபடத்தில் ஆதம்ஸ் பீக். எல்லாமே சரி. ஒரே மலைக்கு ஏன் இத்தனை பெயர் என்று யாராவது எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார்.

அந்த ஒப்படைக்காகத்தான் கடந்த விடுமுறையில் வாப்பாவுடன் மாவனல்லையிலிருந்து இரத்தினபுரி வரை பஸ்ஸில் பயணம் செய்தேன். ஆறு, மலை, மழைவீழ்ச்சி என்று குறிப்பெடுக்கப் போன நான், என்னைப் பற்றியே ஒரு குறிப்புடன் திரும்பி வந்தேன். அதையும் மறைக்காமல் இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

பாலத்தில் தொடங்கிய பயணம்

சப்ரகமுவ மாகாணத்தில் கேகாலை, இரத்தினபுரி என இரண்டு மாவட்டங்கள் உள்ளன. கரையோரச் சமவெளிக்கும் மத்திய மலைநாட்டுக்கும் இடையில் படிக்கட்டுப் போல அமைந்த பிரதேசம் இது. கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் எவரும் இந்தப் படியில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். ஆங்கிலேயர் கண்டி வீதியை அமைத்த காலத்தில், 1830களில், மாவனல்லையில் மகா ஓயாவுக்கு மேலே செங்கல் வளைவுகளால் ஒரு பாலம் கட்டினார்கள். நாம் நாளாந்தம் கடந்து போகும் பாலம் அதுதான். பஸ்ஸில் இருக்கும்போது அதன் வளைவுகள் தெரியமாட்டா. ஆற்றங்கரைக்கு இறங்கினால்தான் தெரியும். பதினேழு வயது வரை நான் இறங்கிப் பார்த்ததில்லை. அன்று வாப்பா கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

அங்கே நின்றபோது நூலகக் கலைக்களஞ்சியத்தில் பார்த்த இன்னொரு பாலம் ஞாபகத்துக்கு வந்தது. ஐரோப்பாவின் தென்கிழக்கே பால்கன் என்றொரு மலைப் பிரதேசம் உண்டு. பள்ளிவாசலும் இரண்டு வகைக் கிறிஸ்தவத் தேவாலயங்களும் ஒரே தெருவில் நிற்கும் நகரங்கள் அங்கே உள்ளன. அவற்றுள் ஒன்று பொஸ்னியாவின் மொஸ்தார். நெரட்வா ஆற்றின் மேல் 1566இல் உஸ்மானியர் கட்டிய ஒற்றை வளைவுக் கற்பாலம் அந்நகரின் அடையாளம். 400 ஆண்டுகளுக்கு மேலாக நின்ற அப்பாலம், யுத்தத்தின்போது 1993 நவம்பர் 9ஆம் திகதி எறிகணை வீச்சில் ஆற்றுக்குள் விழுந்தது. மீண்டும் கட்டப்பட்டு 2004இல் திறக்கப்பட்டது. மறுவருடம் உலக மரபுரிமைச் சின்னமானது.

எமது பாலத்தின் மேல் எவரும் எறிகணை வீசவில்லை. ஆனால் 2001 மே மாதத் தொடக்கத்தில் மாவனல்லை நகரில் கடைகள் எரிந்தன. நான் பிறப்பதற்கு முந்திய கதை அது. வாப்பா அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பாலத்தைப் பார்த்துக்கொண்டு, “பாலம் அப்பவும் நிண்டது மகள்” என்று மட்டும் சொன்னார். கல் நின்றால் மட்டும் இரண்டு கரைகளும் சேர்ந்திருப்பதாக ஆகிவிடாது என்று நான் விளங்கிக்கொண்டேன்.

உத்துவன்கந்தையின் மூவர்

மாவனல்லைக்குக் கிட்டத்தான் உத்துவன்கந்தை. செல்வரிடம் கொள்ளையடித்து ஏழைகளுக்குக் கொடுத்தவன் என்று மக்கள் கதைகளில் வாழும் சரதியல் ஒளிந்திருந்த மலை அது. சரதியலின் மிக நெருங்கிய கூட்டாளி மம்மலே மரிக்கார் என்ற முஸ்லிம். 1864 மார்ச் 21ஆம் திகதி அவர்களைப் பிடிக்கப் போனபோது துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த பொலிஸ்காரர் சபான், மலாய் இனத்தவர். அவருடைய நினைவாகவே இன்றும் மார்ச் 21 பொலிஸ் வீரர் தினமாக அனுஷ்டிக்கப்படுகிறது. அதே வருடம் மே 7இல் சரதியலும் மரிக்காரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டனர்.

கொள்ளையை நான் புகழவில்லை. ஆனால் இந்த மலைநாட்டில் நட்பு, பகை, சட்டம், குற்றம் எதுவும் ஓர் இனத்துக்குள் மட்டும் அடங்கியிருக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

உயரம் சொல்லும் வரலாறு

கேகாலையில் பஸ் மாறி, புளத்கொஹுபிட்டிய வழியாகக் கரவனல்லைக்குப் போகும் வீதியில் ஏறினோம். இந்த வீதியில் யன்னலோரம் கிடைத்தால் ஒரு புத்தகம் படித்ததற்குச் சமம். பள்ளத்தில் வயலும் சிங்களக் கிராமமும். சந்தியில் நாலைந்து கடைகள், அவற்றில் ஒன்றிரண்டு எம்மவர்களுடையவை, பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிவாசல். அதற்கு மேலே இறப்பர். இன்னும் மேலே தேயிலை. தேயிலைக்கு நடுவில் தகரக் கூரைகள் வரிசையாகத் தெரியும். அவை லயன்கள். யார் எங்கே வசிக்கிறார்கள் என்பதை உயரமே சொல்லிவிடுகிறது.

இந்த அடுக்கு தானாக வந்ததல்ல. கண்டி இராச்சிய காலத்தில் முஸ்லிம்கள் தவளம் என்ற பொதிமாட்டுக் கூட்டங்களோடு கரையிலிருந்து உப்பும் துணியும் கொண்டுவந்து, மலையிலிருந்து பாக்கு முதலியவற்றைக் கொண்டுபோனார்கள். அந்த வழிகளின் சந்திகளில் அவர்களது குடியிருப்புகள் வளர்ந்தன. பின்பு ஆங்கிலேயர் கோப்பியும், அது நோயால் அழிந்தபின் தேயிலையும் இறப்பரும் பயிரிட்டனர். வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து மக்களைக் கொண்டுவந்து தோட்டத்துக்குள்ளேயே லயன்களில் குடியமர்த்தினர். கிராமத்துக்கும் லயனுக்கும் நடுவே தூரம் சில நூறு யார்தான். ஆனால் நிர்வாகம், பாடசாலை, வைத்தியசாலை எல்லாம் வேறாக இருந்தன.

சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே வந்த பிரசாவுரிமைச் சட்டத்தால் அம்மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களாயினர். 1964இல் செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கவும் தீர்மானித்தது. மீதி 150,000 பேரின் கதி பின்போடப்பட்டது. எஞ்சியிருந்தவர்களுக்கான சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. ஒரு மலையில் பிறந்து, அதே மலையில் பேரப்பிள்ளை கண்டவர்கள், தாம் எந்த நாட்டவர் என்று காட்டும் ஒரு கடதாசிக்காக 55 ஆண்டுகள் காத்திருந்திருக்கிறார்கள். தோட்டத்து மக்கள் ஏன் ஒவ்வொரு கடதாசியையும் பொலித்தீன் உறையில் சுற்றிப் பத்திரப்படுத்துகிறார்கள் என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

மலை மட்டும் இந்த அடுக்குகளைப் பார்ப்பதில்லை. 2016 மே 17ஆம் திகதி பெருமழையில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிங்களக் கிராமங்களை மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டக் குடியிருப்பு ஒன்றின் மீதும் மண் சரிந்தது. அப்போது நான் ஆரம்பப் பிரிவு மாணவி. எமது ஊர்ப் பள்ளிவாசல் முற்றத்தில் உம்மாமார் சோற்றுப் பார்சல் கட்டியது நினைவிருக்கிறது. பார்சலில் எந்த இனத்தின் பெயரும் எழுதவில்லை.

பஸ்ஸில் வந்த கடிதம்

புளத்கொஹுபிட்டியவில் ஒரு வயதான தோட்டத்து அம்மா ஏறினார். வாப்பாவைக் கண்டதும், “துணிக்கார நானா தானே?” என்றார். வாப்பா இளமையில் சம்பள நாட்களில் துணி மூட்டையுடன் லயன் லயனாகப் போனவர். சம்பளம் வாங்கியதும் காசு தருவார்கள் என்ற நம்பிக்கையில் கடன் கொடுத்தவர். அந்தப் பழக்கம். அம்மா எனக்கருகில் அமர்ந்தார். சற்று நேரத்தில் பொலித்தீன் உறைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

“பாப்பா, இத கொஞ்சம் வாசிச்சி சொல்லு. சிங்களத்துல எழுதியிருக்கு. பேரனுக்கு ஐடென்டிக்கு வந்த கடிதம்.”

1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியானது என்பது எமக்குப் பாடம். ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. சாதாரண தரப் பரீட்சையில் எனக்குச் சிங்களத்துக்கு ஏ சித்தி. பஸ்ஸில் எல்லாரும் கேட்கும்படி ஒரு வரி வாசித்து ஒரு வரி விளக்கினேன். இன்ன திகதி, இன்ன நேரம், பிறப்புச் சான்றிதழின் பிரதி, இரண்டு படம். அந்த அம்மா என் தலையைத் தடவி, “நல்லா இருக்கணும் பாப்பா” என்றார். வாப்பா தனது தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். கரவனல்லையில் அவர் இறங்கும்போது எனக்குள் ஒரு பெருமை.

கரவனல்லைச் சந்தியில் எட்டியாந்தோட்டைக்கு வழிகாட்டும் பலகையைக் கண்டேன். பெயரில் ‘தோட்டை’ இருப்பதால் அது ஏதோ பழைய தோட்டம் என்று நினைத்திருந்தேன். வாப்பாதான் திருத்தினார். சிங்களத்தில் ‘தொட்ட’ என்றால் ஆற்றுத்துறை. களனி கங்கையில் வள்ளங்கள் வந்து சேர்ந்த துறை அது. தெரிந்த சொல் போலக் காதில் விழுவதால் தவறான பொருளை எடுத்துக்கொள்கிறோம். அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். நானே சற்று முன் அதே தவறைச் செய்திருந்தது அப்போது தெரியாது.

மாணிக்க நகரம்

அவிசாவளையில் மீண்டும் பஸ் மாறி, எஹலியகொடை, குருவிட்ட வழியாக இரத்தினபுரியை அடைந்தோம். முன்னர் இந்தப் பள்ளத்தாக்கில் ஓபநாயக்க வரை சிறு ரயில் ஓடியதாம். இன்று களனிப் பள்ளத்தாக்குப் பாதை அவிசாவளையோடு முடிந்துவிடுகிறது.

மாமி வீட்டுக்குக் கிட்ட வயலுக்கு நடுவில் ஒரு மாணிக்கக் குழியைத் தூரத்தில் நின்று பார்த்தோம். பெண்கள் குழிக்கு அருகே போவது வழக்கமில்லை. சதுரமாக வெட்டிய குழியின் சுவர் இடியாதபடி மரக்கட்டைகளை அடுக்கி, இடையில் பன்னச் செடிகளைத் திணித்திருந்தார்கள். ஒருபக்கம் நீர் இறைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. காணிக்காரர், அனுமதிப்பத்திரம் எடுத்தவர், இயந்திரக்காரர், குழிக்குள் இறங்குபவர் எல்லாருக்கும் கிடைப்பதில் பங்கு உண்டு. மாணிக்கம் கலந்திருக்கும் சரளைப் படையைச் சிங்களத்தில் ‘இல்லம்’ என்கிறார்கள். முஸ்லிம் வியாபாரிகளும் அதே சொல்லைத்தான் பாவிக்கிறார்கள். தமிழில் இல்லம் என்றால் வீடு. “ஒங்கட இல்லத்துல கல் கெடச்சா மாமாட இல்லம் விடியும்” என்று மாமி பகிடி விட்டார்.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு மாமா மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். முகில் விலகியிருந்தது. வடகிழக்கே அந்த மலை கூம்பாக நின்றது. களனி கங்கை, களு கங்கை, வளவை கங்கை ஆகிய மூன்றும் இந்த மலைத்தொகுதியிலிருந்துதான் ஊற்றெடுக்கின்றன. மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். உச்சியிலுள்ள பாதச் சுவட்டைப் பௌத்தர்கள் புத்தருடையது என்றும், இந்துக்கள் சிவனுடையது என்றும், முஸ்லிம்களில் பலர் நபி ஆதம் (அலை) அவர்களுடையது என்றும் கருதி வந்திருக்கிறார்கள்.

1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இந்த மலையைக் காண வந்தார். புத்தளத்தில் அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி என்ற தமிழ் மன்னன், வருடந்தோறும் மலைக்குப் போகும் யோகிகளையும் பிராமணர்களையும் தன் ஆட்களையும் சுமை தூக்குவோரையும் துணைக்கு அனுப்பிவைத்தார். மலையில் பிடித்து ஏறச் சங்கிலிகள் இருந்ததையும், பாவா வழி, மாமா வழி என்று ஆதம், ஹவ்வா பெயர்களில் இரு பாதைகள் இருந்ததையும் அவர் பதிந்திருக்கிறார். யோசித்துப் பாருங்கள். ஒரு முஸ்லிம் பயணி, சிங்கள நாட்டு மலையில், இந்து யோகிகள் வழிகாட்ட ஏறுகிறார். அவர் அந்த வழியை அறிந்தவர்களிடம் கேட்டு நடந்தார். தானே தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தொலைபேசி அழைப்பு

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழிந்தபின் ஒரு பின்னேரம் வாப்பாவின் தொலைபேசி ஒலித்தது. அந்த அம்மா. வாப்பா என்னிடம் தந்தார்.

“பாப்பா, நீ சொன்ன மாதிரி போட்டோக்கொப்பி கொண்டு போனேன். அது செல்லாதாம். ஒரிஜினலே வேணுமாம். திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு நாள் பேரும் போச்சு. பேரனுக்குப் பரீட்சை வருதே, அதான் கேக்குறேன். இன்னும் வேற ஏதாச்சும் கொண்டு போகணுமா?”

குறை சொல்ல அவர் அழைக்கவில்லை. இன்னும் என்னையே நம்பிக் கேட்டார். அதுதான் என்னைச் சுட்டது. கடிதத்தில் ‘முல் பிடபத’ என்று இருந்திருக்கிறது. ‘பிடபத’ என்றால் பிரதி. ‘முல் பிடபத’ என்றால் மூலப்பிரதி. நான் ‘பிடபத’ என்ற தெரிந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு, முன்னால் நின்ற சின்னச் சொல்லைத் தாண்டி ஓடிவிட்டேன். தோட்டத்தில் வேலைக்கு நின்றால்தான் ‘பேர்’ விழும். பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. என் ஏ சித்தியின் விலையை அந்த அம்மா செலுத்தியிருந்தார்.

நான் அழுதேன். வாப்பா ஏசவில்லை. “தெரியாட்டி தெரியாண்டு செல்லணும் மகள். பாதி தெரிஞ்சத முழுசாத் தெரிஞ்ச மாதிரி செல்றதுதான் பிழை” என்றார். மறு சனிக்கிழமை இருவரும் புளத்கொஹுபிட்டியவுக்குப் போனோம். அந்தக் கடிதத்தைச் சொல் சொல்லாக வாசித்து, தமிழில் எழுதி, எனக்கு ஐயமான இரண்டு இடங்களைப் பக்கத்துக் கடையின் சிங்கள அக்காவிடம் கேட்டுத் திருத்தி, அம்மாவிடம் கொடுத்தேன். மூலச் சான்றிதழுடன் அவர் மறுபடி போனார். இம்முறை விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். பரீட்சைக்கு முன் அட்டை வந்து சேர வேண்டும் என்று துஆச் செய்துகொண்டிருக்கிறேன்.

அந்த அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். “படிக்கிற புள்ள, பிழை வரும். ஆனா வந்து பாத்தியே” என்று தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

பாடமாக எடுத்துக்கொள்ள

இப்போது ஒரு கொப்பியில் அலுவலகக் கடிதங்களில் வரும் சிங்களச் சொற்களைத் தமிழோடு எழுதி வருகிறேன். உங்களுக்கும் உதவும் என்பதால் சிலவற்றைத் தருகிறேன்:

பிடபத – பிரதி
முல் பிடபத – மூலப்பிரதி
உப்பென்ன சஹதிகய – பிறப்புச் சான்றிதழ்
ஜாதிக ஹெந்துனும்பத – தேசிய அடையாள அட்டை
அயதும்பத – விண்ணப்பப் படிவம்
லிபினய – முகவரி
தினய – திகதி
அத்சன – கையொப்பம்

சகோதரிகளே, எமது பெற்றோர் சந்திகளில் கடை வைத்து, ஒரு பக்கம் சிங்களமும் மறுபக்கம் தமிழும் பேசி வாழ்ந்தவர்கள். அந்த இரண்டு மொழியும் எமக்கு வீட்டிலேயே கிடைத்த சொத்து. வீட்டுப் பேச்சோடு அதை நிறுத்திவிடாமல் எழுத்திலும் செம்மையாகக் கற்க வேண்டும். பெற்றோரே, சிங்களப் பாடத்தில் பிள்ளை எத்தனை புள்ளி எடுத்தாள் என்று கேட்பதோடு, ஒரு கடிதத்தைப் பிழையில்லாமல் வாசிப்பாளா என்றும் கேளுங்கள். எமது வகுப்பில் தோட்டத்திலிருந்து வரும் மாணவிகளோடு நாம் ஒரே பாடநூலைப் படிக்கிறோம். இத்தனை காலமும் நான் அவர்கள் பக்கத்து வாங்கிலில் இருந்ததில்லை. சிவனொளிபாதமலை என்று சொன்ன அந்த மாணவியின் ஊர்ப் பெயரையே இந்தப் பயணத்துக்குப் பிறகுதான் கேட்டறிந்தேன்.

ஆசிரியையின் கேள்விக்கு என் விடை இது: ஒவ்வொரு மக்கள் கூட்டமும் தான் வந்த வழியால் மலையைக் கண்டது, கண்ட வழியால் பெயர் வைத்தது. எனக்குத் தெரிந்த பெயர் என் வழியை மட்டுமே காட்டுகிறது. மற்றவர் வழியை அறிய வேண்டுமானால் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

மொஸ்தார் என்ற பெயருக்கும் ஒரு பொருள் உண்டு. பாலத்தைக் காவல் காத்தவர்களை அந்த நாட்டில் ‘மொஸ்தாரி’ என்றார்கள். அவர்களால்தான் ஊருக்கே பெயர் வந்தது. மாவனல்லைப் பாலத்தை இப்போது கடக்கும்போதெல்லாம் அந்தச் சொல் ஞாபகம் வருகிறது. எனது பையில் அந்தக் கொப்பியும் இருக்கிறது.